லாஸ்கோ: யாரும் குனிந்து பார்க்காத தரை

லாஸ்கோ ஓவியங்களுக்கு வயது என்ன? பிரான்சின் தென்மேற்கில், தொர்தோன் மாவட்டத்தில் இருக்கும் அந்தக் குகையைப் பற்றிப் பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டினால் 15,000 ஆண்டு என்றிருக்கும். கொஞ்சம் பிந்திய புத்தகத்தில் 17,000. இப்போது ஆய்வாளர்கள் 21,000-ஐ ஒட்டிப் பேசுகிறார்கள். கற்காலக் குகைகளில் இவ்வளவு படமெடுக்கப்பட்டவை, இவ்வளவு எழுதப்பட்டவை கொஞ்சம்தான். அப்படிப்பட்ட குகையின் வயதில் ஏன் இந்த இழுபறி?

லாஸ்கோவின் கறுப்பு, கரியால் தீட்டிய கறுப்பு இல்லை. மாங்கனீஸ் ஆக்சைடு என்ற கல்லைப் பொடித்துத் தீட்டியது. சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடு, அதாவது காவி. கார்பன் முறையில் காலம் கணிக்க ஒருகாலத்தில் உயிரோடிருந்த பொருள் வேண்டும்: மரக்கரி, எலும்பு, கொம்பு. சுவரில் அது கிடைக்காது. அதனால் ஓவியத்தின் வயதைத் தரையில் கிடந்ததை வைத்துத்தான் சொல்லியாக வேண்டும். வரைந்தவர்கள் ஏற்றிய விளக்கின் கரி, தின்று போட்ட எலும்பு, கைதவறி விட்டுப்போன ஈட்டிமுனை. அந்தத் தரையைத்தான் 1947-48-இல் வெட்டித் தாழ்த்தினார்கள். பார்க்க வருகிறவர்கள் தலை இடிக்காமல் நிமிர்ந்து நடக்க வேண்டுமே!

மனிதர்களின் மூச்சு கெடுத்த குகை என்றுதான் லாஸ்கோவைப் பற்றி வழக்கமாகச் சொல்வார்கள். தப்பில்லை, ஆனால் அது பாதிக் கதை. மூச்சுக்கு முன்னால் மண்வெட்டி வந்துவிட்டது. 1940 முதல் இன்றுவரை அங்கே நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லாரும் சுவரையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததும், ஒவ்வொரு தடவையும் அடி தரையில் விழுந்ததும் தெரியும்.

நான்கு பையன்களும் ஒரு சரிவும்

1940 ஜூனில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்திருந்தது. வெசேர் ஆற்றங்கரையில் மோன்டின்யாக் என்ற சிற்றூர். அங்கே கார் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்த 18 வயது மார்செல் ராவிதா, செப்டம்பர் 8 அன்று ஊருக்கு மேலிருந்த குன்றில் நாயோடு சுற்றும்போது ஒரு பொந்தைப் பார்த்தார். மரம் வேரோடு சாய்ந்து விட்டுப்போன பள்ளத்தில் இருந்தது அது. நாயின் பெயர் ரோபோ. அந்த நாய்தான் குழிக்குள் விழுந்து குகையைக் கண்டுபிடித்தது என்ற கதை பின்னால் நன்றாகவே விற்றது. சரி, நாய்க்கும் கொஞ்சம் புகழ் போகட்டும்.

நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 12 அன்று, ராவிதா வேறு மூன்று பையன்களோடு திரும்பி வந்தார்: ஜாக் மார்சல், ஜார்ஜ் ஆன்யெல், சிமோன் கோயன்காஸ். பொந்தை அகலப்படுத்தி, தலையை முதலில் நுழைத்து, மண்ணும் கல்லும் சரிந்து கூம்பாகக் குவிந்திருந்த மேட்டின் மேல் சறுக்கி உள்ளே இறங்கினார்கள். கையில் ஒரு மங்கலான விளக்கு. கொஞ்ச தூரம் போனதும் சுவரில் மாடுகளும் குதிரைகளும் தெரிந்தன.

ஊர் ஆசிரியர் லெயோன் லவாலுக்குச் சேதி போனது. அந்த மாதமே, அன்றைய கற்கால ஆய்வின் பெரிய தலை என்று சொல்லத்தக்க பாதிரியார் ஆன்ரி பிரேய் வந்து பார்த்து, உண்மையான கற்கால ஓவியம்தான் என்று உறுதி சொன்னார். ராவிதாவும் மார்சலும் குகை வாசலிலேயே கூடாரம் போட்டுக் காவல் காத்தார்கள். டிசம்பர் 27 அன்று அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்தது. நால்வரில் கோயன்காஸ் யூதக் குடும்பத்துப் பையன். அவருடைய பெற்றோர் ஆஷ்விட்ஸில் மாண்டார்கள். அவர் பிழைத்து 2020 வரை வாழ்ந்தார்.

பையன்கள் சறுக்கி இறங்கிய அந்த மண்மேட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாசலை அடைத்துக்கொண்டு கிடந்த அந்தச் சரிவுதான் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் குகையின் கதவு. வெளிக்காற்றை உள்ளே விடாமல், உள்ளே இருந்த ஈரத்தையும் குளிரையும் ஒரே நிலையில் வைத்திருந்தது அதுதான். யாரும் திட்டம் போட்டுக் கட்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, அதை ஒரு பொருட்டாக யாரும் மதிக்கவும் இல்லை.

தரை சொன்னது கொஞ்சம்

லாஸ்கோ பெரிய குகை இல்லை. எல்லாக் கிளைகளையும் சேர்த்தாலும் 250 மீட்டருக்குள் அடங்கிவிடும். அதற்குள் ஓவியமும் கீறலுமாக ஏறக்குறைய 2,000 உருவங்களும் குறிகளும். முதலில் வருவது எருதுகளின் கூடம். அதிலுள்ள பெரிய எருது ஒன்று 5 மீட்டருக்கு மேல் நீளம். அந்தக் கூடத்தின் சுவர் கால்சைட் என்ற வெள்ளைச் சுண்ணாம்புக் கனிமம் படிந்து கரடுமுரடாக இருக்கிறது. அதில் கீற முடியாது. வண்ணம்தான் தீட்ட முடியும். அடுத்த பக்கத்து இடைவழியில் சுண்ணாம்புக்கல் மெத்தென்று இருப்பதால் அங்கே கீறல்கள் குவிந்திருக்கின்றன. வரைந்தவர்கள் சுவரின் குணம் பார்த்து வேலை செய்திருக்கிறார்கள். குதிரைகள் மட்டும் 350-க்கு மேல்.

உள்ளே நீளும் கிளையொன்றில், ஆள் உயரத்துக்கும் மேலே, பாறையில் குழிகள் இருக்கின்றன. அவற்றில் கழிகளைச் செருகிச் சாரம் கட்டி ஏறி நின்று வரைந்திருக்கிறார்கள் என்று சொல்கிறார்கள். நம் ஊர்க் கோயில் கோபுரத்துக்கு வர்ணம் பூசுகிற ஆட்களைப் பார்த்தவர்களுக்கு இதைக் கற்பனை செய்ய சிரமம் இருக்காது.

இதெல்லாம் சுவர் சொல்வது. தரை என்ன சொன்னது? இரண்டு விஷயங்களைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

ஒன்று, எலும்பு. குகைக்குள் கிடைத்த சாப்பாட்டு மிச்சத்தில் மிகப் பெரும்பாலானவை பனிமானின் எலும்புகள். அவர்கள் உயிர் வாழ்ந்ததே பனிமான் இறைச்சியில்தான். ஆனால் சுவரில் அத்தனை உருவங்களுக்கு நடுவே பனிமான் என்று சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று. குதிரையை வரைந்தார்கள், காட்டுமாட்டை வரைந்தார்கள்; தினமும் தின்றதை வரையவில்லை. 'வேட்டை கிடைக்க வேண்டும் என்று மந்திரமாக வரைந்தார்கள்' என்ற பழைய விளக்கத்தைத் தள்ளாட வைத்தவற்றில் இந்த முரணும் ஒன்று. சுவரை மட்டும் ஆயிரம் வருடம் முறைத்துப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது.

இன்னொன்று, விளக்கு. குகையில் 'கிணறு' என்று அழைக்கப்படும் செங்குத்தான பள்ளம் ஒன்று உண்டு. லாஸ்கோவிலேயே விசித்திரமான ஓவியம் அதற்குள்தான் இருக்கிறது: குடல் சரிந்த காட்டெருமை, அதன் முன்னே மல்லாந்து கிடக்கும் பறவைத்தலை மனிதன், பக்கத்தில் ஒரு கோலின் மேல் பறவை. 1960-இல் பாதிரியார் ஆந்த்ரே குளோரி அந்த ஓவியத்தின் காலடியில் தோண்டியபோது, இளஞ்சிவப்பு மணற்கல்லில் கடைந்த ஒரு விளக்கு கிடைத்தது. ஒரு சாண் நீளம். பெரிய கரண்டி போல, வழவழப்பாகத் தேய்த்த கிண்ணமும் கைப்பிடியும். கிண்ணத்தில் ஜூனிபர் குச்சித் திரியின் கரி ஒட்டியிருந்தது. கைப்பிடியில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கூரை வடிவக் கீறல்கள். அதே குறிகள் குகைச் சுவரிலும் இருக்கின்றன. விளக்கை வைத்திருந்தவரும் சுவரில் கீறியவரும் ஒரே கூட்டத்து ஆட்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது.

அந்த விளக்கு கிணற்றுக்குள் கிடந்ததால் தப்பியது. மேலே எருதுகளின் கூடத்துத் தரையில் இதுபோல என்னென்ன இருந்தன என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

திறப்பு விழாவுக்கு முன்னால் நடந்தது

போர் முடிந்தது. நிலம் ஒரு பிரபுக் குடும்பத்துக்குச் சொந்தம். குகையைப் பொதுமக்களுக்குத் திறக்க ஏற்பாடு ஆனது. 1948 ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாளன்று, திறந்தும் விட்டார்கள். அதற்காக அதுவரை நடந்த வேலையைப் பட்டியல் போட்டாலே போதும், வேறு குற்றப்பத்திரிகை தேவையில்லை. வாசலிலிருந்த சரிவு வெட்டி எடுக்கப்பட்டது. படிக்கட்டு கட்டப்பட்டது. வெண்கலக் கதவு வந்தது. தரை தாழ்த்தப்பட்டு நடைபாதை போடப்பட்டது. கூடத்தின் தரையில் கால்சைட் படிந்து வயல் வரப்பு மாதிரி வளைந்து வளைந்து உருவாகியிருந்த திட்டுகளும், அவற்றில் நீர் தேங்கும் தொட்டிகளும் உடைபட்டன. மின்விளக்குகள் பொருத்தப்பட்டன.

அன்றைய நிலையில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கண்டுபிடித்த பையன்களே வழிகாட்டிகளாக வேலை பார்த்தார்கள். ராவிதாவும் மார்சலும் ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார்கள். ஆனால் வேலை தொடங்கும் முன் உள்ளே எத்தனை டிகிரி, எவ்வளவு ஈரம், காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் நகர்கிறது என்று அளந்து எழுதிவைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. என் கணக்கில் இந்தக் கதையின் முதல் தவறு இதுதான். நோயாளி நன்றாக இருந்தபோது நாடி என்ன என்று தெரியாமல் போனதால், பின்னால் வந்த ஒவ்வொரு மருத்துவரும் ஊகத்தில்தான் மருந்து கொடுக்க நேர்ந்தது.

கூட்டம் வந்தது. 1950-களின் நடுவில் கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கும் மேல். மூடும்வரையான 15 ஆண்டுகளில் மொத்தம் ஏறக்குறைய 10 லட்சம்.

திருவிழா நாளில் சின்னக் கருவறை முன்னால் நின்றவர்களுக்கு அந்தப் புழுக்கம் தெரியும். கல்சுவர் வேர்த்து வழியும். ஒரு ஆள் சும்மா நின்றாலே ஏறக்குறைய ஒரு 100 வாட் பல்பு அளவுக்கு வெப்பம் விடுவார். மூச்சில் நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கலந்து வரும். சூடான ஈரக் காற்று குளிர்ந்த பாறையைத் தொட்டதும் நீராகப் படியும். அந்த நீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து மெல்லிய அமிலமாகும். அமிலம் சுண்ணாம்புக்கல்லைத் தின்னும். தின்றதை இன்னோர் இடத்தில் வெள்ளைப் படலமாகக் கக்கும். பள்ளிக்கூட வேதியியல்தான். ஆனால் அது நடப்பது 200 நூற்றாண்டு பழைய வண்ணத்தின் மேல்.

1955-இல் சுவரில் நீர்த்துளிகள் கோத்து நின்றது கவலையைக் கிளப்பியது. சரி, கூட்டத்தைக் குறைத்தார்களா? இல்லை. 1957-58-இல் ஒரு எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். உள்காற்றை உறிஞ்சி, வடிகட்டி, குளிர்வித்துத் திருப்பி அனுப்பும். அதற்கான குழாய்களைப் பதிக்கத் தரையை மறுபடியும் தோண்டினார்கள். குளோரி வேலையாட்களுக்குப் பின்னாலும் முன்னாலும் ஓடி, வெட்டுப்பட்ட மண் அடுக்குகளைப் படம் வரைந்து, சக்கிமுக்கிக் கல் சில்லுகளையும் எலும்புகளையும் பொறுக்கிச் சேர்த்தார். அகழாய்வு என்று அதைச் சொல்லக்கூடாது. தீப்பிடித்த வீட்டிலிருந்து கையில் அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வருவது மாதிரி. அந்த மனிதர் அதற்கு முன்னும் பின்னும் பல ஆண்டுகள், இரவில் பார்வையாளர்கள் போன பிறகு, கீறல்களை ஒவ்வொன்றாகத் தாளில் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். 1966-இல் கார் விபத்தில் இறந்துவிட்டார். எழுதிவைத்ததை நூலாக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

பச்சை, வெள்ளை, கறுப்பு

எந்திரம் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்தது. கூடவே காற்றையும் கிளறிவிட்டது. 1960-இல் சுவரில் பச்சைப் புள்ளிகள். மின்விளக்கு வெளிச்சமும் மனிதர்கள் கொண்டுவந்த ஈரமும் சத்தும் இருந்தால் பாசிக்கு வேறென்ன வேண்டும்? 'பச்சை நோய்' என்று பெயர் வைத்தார்கள். கால்சைட் படலம் பரவியது 'வெள்ளை நோய்'. 1963 ஏப்ரலில் பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ குகையை மூடினார். சுற்றுலா வருமானத்தில் வாழ்ந்த ஒரு ஊரை வைத்துக்கொண்டு அந்த முடிவை எடுப்பது லேசில்லை. அதற்காக அவருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

பாசியை பென்சிலின் முதலான எதிருயிரி மருந்துகளும் ஃபார்மலினும் தெளித்து அடக்கினார்கள். அப்புறம்தான், இத்தனை வருடத்தில் முதல்முறையாக, உட்கார்ந்து அளந்தார்கள். அளந்து வடிவமைத்த புதிய ஏற்பாட்டில் காற்றாடியே கிடையாது. வாசல் பக்கத்தில் ஒரு குளிர்ந்த பரப்பு. உள்ளேயிருந்து தானாக வரும் ஈரக்காற்று ஓவியச் சுவரில் படிவதற்குப் பதில் அங்கே படியும். காற்று தன் வழியில் தானே நகரும். ஏறக்குறைய பழைய சரிவு செய்துகொண்டிருந்த வேலைக்கு மாற்று. இந்த முழு விவகாரத்திலும் எனக்குப் பிடித்த கருவி இது ஒன்றுதான். 30 ஆண்டுக்கு மேல் குகை அமைதியாக இருந்தது. வாரத்தில் ஐந்து நாள், நாளைக்கு ஐந்து பேர் என்று ஆய்வாளர்களும் அனுமதி பெற்றவர்களும் மட்டும் உள்ளே போனார்கள். போகும்முன் ஃபார்மலின் கரைசலில் செருப்பை நனைக்க வேண்டும்.

2000-த்தில் பழைய ஏற்பாடு தேய்ந்துவிட்டது என்று மாற்றினார்கள். புதியதில் காற்றாடிகள் இருந்தன. வாசல் பகுதியில் கட்டுமான வேலை நடந்தது. மறு ஆண்டு தரையிலும், சுவரடித் திட்டுகளிலும் வெள்ளைப் பஞ்சு மாதிரி பூஞ்சை விரித்துப் படர்ந்தது. ஃபுசேரியம் சொலானி, நம் வயல்களில் பயறுவகைக்கு வேரழுகல் உண்டாக்குகிற அதே இனம். ஓவியம் பக்கம் ஏறிவிடுமோ என்ற பீதியில் தரை முழுக்கச் சுட்ட சுண்ணாம்பைக் கொட்டினார்கள். சுட்ட சுண்ணாம்பில் ஈரம் பட்டால் எப்படிக் கொதிக்கும் என்று வீட்டுக்கு வெள்ளையடித்துப் பார்த்த எவருக்கும் தெரியும். டிகிரிக் கணக்கில் காப்பாற்றி வந்த குகைக்குள் அதைக் கொட்டியதைப் பற்றி இன்றுவரை திட்டு விழுந்துகொண்டிருக்கிறது.

கூடவே பென்சல்கோனியம் குளோரைடு தெளித்தார்கள். ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கும் கிருமிநாசினி வகை. பூஞ்சை இழைகளைக் கையாலேயே கிள்ளி எடுத்தார்கள். வெள்ளை அடங்கியது. சில ஆண்டுகளில் கறுப்புப் புள்ளிகள் முளைத்தன. மெலனின் என்ற கருநிறமியைத் தயாரிக்கும் பூஞ்சைகள். அவற்றில் ஒன்று அறிவியலுக்கே புதிது என்று தெரிந்து, 2012-இல் ஓக்ரோகோனிஸ் லாஸ்கோயென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். குகையின் பெயரே நோய்க்கும் வந்து சேர்ந்தது.

இதில் நுண்ணுயிரியலாளர்கள் சேர்த்துச் சொன்ன சித்திரம்தான் என்னை அதிகம் உலுக்கியது. முதலில், அந்தச் செருப்புத் தொட்டி. பல பத்தாண்டுகள் ஃபார்மலின் தரையில் சொட்டிச் சொட்டி, அதைத் தாங்கக்கூடிய பூஞ்சைகள் மட்டும் தங்கித் தழைத்திருக்கலாம் என்கிறார்கள். அங்கே பிடித்த ஃபுசேரியத்தை ஃபார்மலின் ஒன்றும் செய்யவில்லை. அடுத்து, கொல்வதற்காகத் தெளித்த கிருமிநாசினி சிதைந்து, வேறு நுண்ணுயிர்களுக்குத் தீனியானது. கடைசியில், மில்லிமீட்டர் கணக்கில் இருக்கும், துள்ளித் தாவுகிற ஸ்பிரிங்டெயில் என்ற சிற்றுயிர் ஒன்று. அது கறுப்புப் பூஞ்சையை மேயும். மேய்ந்த இடத்திலிருந்து வித்துகளை உடம்பிலும் எச்சத்திலும் சுமந்துகொண்டு அடுத்த சுவருக்குத் தாவும். ஒவ்வொரு மருந்தும் அடுத்த நோய்க்கு இலை போட்டுச் சோறு வைத்திருக்கிறது.

2008-இல் ஆய்வாளர்கள் உட்பட எல்லாருக்கும் மூன்று மாதம் கதவை அடைத்தார்கள். ஆபத்திலுள்ள மரபுச்சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்படலாம் என்று யுனெஸ்கோ எச்சரித்தது. 2009-இல் பாரிஸில் பன்னாட்டுக் கருத்தரங்கு. 2010-இல் இவ் கோப்பான்ஸ் தலைமையில் புதிய அறிவியல் குழு. அன்றிலிருந்து கொள்கை ஒன்றுதான்: முடிந்தவரை ஒன்றும் செய்யாதே, அளந்துகொண்டே இரு. காற்றோட்டத்தைக் கணினியில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எதிலும் கை வைக்கிறார்கள். 1947-இலேயே ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்திருந்தால் இந்தப் பாடத்தில் பாதி மிச்சமாகியிருக்கும்.

வயதுக்குத் திரும்பினால்

முதல் கார்பன் கணிப்பு 1951-இல் வந்தது. அந்த முறையைக் கண்டுபிடித்த வில்லார்ட் லிபியே குகைக் கரியை அளந்து, 15,500 ஆண்டை ஒட்டிய எண்ணைச் சொன்னார். பிழை அளவு முன்னும் பின்னும் 900 ஆண்டு. முறை பிறந்து இரண்டு மூன்று வருடமே ஆன காலம், மலைக்கத்தான் வேண்டும். பின்னால் குளோரி சேர்த்துவைத்த கரித்துண்டுகளிலிருந்து 17,000 என்ற எண் வந்து, நெடுங்காலம் அதுவே நிலைத்தது. 1990-களின் கடைசியில் பனிமான் கொம்பில் செய்த ஒரு கருவித் துண்டை அளந்தபோது 18,600 கார்பன் ஆண்டு வந்தது. கார்பன் ஆண்டு என்பது அந்த முறை நேரடியாகத் தரும் எண்; அதை உண்மையான சூரிய ஆண்டாகத் திருத்தினால் 22,000 பக்கம் போகும். அண்மையில் பனிமான் எச்சங்களை நேரடியாக அளந்தவர்களும் 21,000-ஐ ஒட்டியே முடிகிறார்கள்.

இது வெறும் எண் விளையாட்டு இல்லை. 17,000 என்றால் வரைந்தவர்கள் மக்தலேனியன் காலத்தவர். எலும்பிலும் கொம்பிலும் நுட்பமான கருவி செய்தவர்கள். 21,000 என்றால் நாம் அதற்கு முந்தைய பாதெகூலியன் காலத்தின் எல்லையில், அந்தக் கருவி மரபு மாறுகிற இடத்தில் நிற்கிறோம். இன்னொன்றும் உண்டு. எல்லாம் ஒரு தலைமுறையில் வரைந்ததா, பல நூற்றாண்டுகளாக வந்துபோனவர்கள் சேர்த்துச் சேர்த்து வரைந்ததா? தரை அடுக்கடுக்காகக் கிடந்திருந்தால் எந்த அடுக்கில் எந்தக் காவிக்கல் கிடக்கிறது, எந்த விளக்குக்கு மேல் எந்த எலும்பு என்று படித்துச் சொல்லிவிடலாம். கிடைத்திருப்பதோ பெட்டிகளில் பொறுக்கி வைத்த துண்டுகளும், ஓடி ஓடி வரைந்த சில குறுக்குவெட்டுப் படங்களும். குளோரியின் தாள்களே அவர் இறந்தபின் காணாமல் போய், 1999-இல்தான் திரும்பக் கிடைத்தன. அவற்றை வைத்துத்தான் இப்போது பழைய பெட்டிகளை மறுபடி வாசிக்கிறார்கள்.

நகல்களும் ஒரு கழியும்

ஸ்பெயினின் அல்தாமிரா ஓவியக் குகையிலும் இதே பாட்டுத்தான் நடந்தது. 1973-இல் மட்டும் 1,70,000-க்கும் மேல் கூட்டம், 1977-இல் பூட்டு, பிறகு கொஞ்சமாகத் திறந்து 2002-இல் மறுபடி பூட்டு. பக்கத்தில் ஒரு நகல்.

நகல்களில் லாஸ்கோ முன்னோடி. 1983-இல், மூலக் குகையிலிருந்து 200 மீட்டர் தள்ளி, எருதுகளின் கூடத்தையும் ஒரு கிளையையும் அப்படியே கட்டினார்கள். ஓவியர் மோனிக் பெய்த்ரால் அதே வகைக் கனிம வண்ணங்களை வைத்துப் பல ஆண்டுகள் உட்கார்ந்து தீட்டினார். அதற்கும் கூட்டம் குவிந்தது; கூட்டத்தின் கார்களும் பேருந்துகளும் மூலக் குகை இருக்கும் அதே குன்றில் ஏறி நின்றன. ஆகவே 2016 டிசம்பரில் குன்றின் அடிவாரத்தில் முழுக் குகையின் நகலையும் திறந்தார்கள். நான் லாஸ்கோவுக்குப் போனதில்லை. போனாலும் அந்த நகலைத்தான் பார்க்க முடியும். அதில் எனக்கு வருத்தமில்லை. அங்கே நிமிர்ந்து நடக்கலாம், தரை சிமென்ட்.

லாஸ்கோவிடமிருந்து உண்மையில் கற்றுக்கொண்டவர்கள் யார் என்று கேட்டால், பிரான்சின் தென்கிழக்கிலுள்ள ஆர்தேஷ் பள்ளத்தாக்கைக் காட்டுவேன். 1994 டிசம்பர் 18 அன்று ஷான்-மரி ஷோவே, எலியெத் ப்ருனெல், கிறிஸ்தியான் இல்லேர் என்ற மூன்று குகையாய்வு ஆர்வலர்கள் அங்கே ஒரு குகைக்குள் இறங்கினார்கள். முன்னால் போனவர் வைத்த தடத்திலேயே பின்னால் வந்தவர் காலை வைத்தார். அடுத்த தடவை வரும்போது நடக்கும் வழிக்கு பிளாஸ்டிக் தாள் விரித்தார்கள். அந்த ஷோவே குகை பொதுமக்களுக்கு ஒருநாள்கூடத் திறக்கப்படவில்லை. ஆய்வாளர்களுக்கு உலோகத்தாலான ஒடுக்கமான நடைபாலங்கள் போட்டிருக்கிறார்கள். அதைவிட்டு இறங்கக் கூடாது.

பலன் தரையிலேயே இருக்கிறது. ஒரு பாறைக்கட்டியின் மேல் யாரோ எடுத்துவைத்த குகைக்கரடி மண்டையோடு, வைத்தது வைத்தபடி. களிமண்ணில் ஒரு சிறுவனுடையது என்று கருதப்படும் காலடித் தடங்கள். சுவரில் யாரோ தீப்பந்தத்தைத் தட்டிச் சாம்பல் உதிர்த்த கறை. ஷோவேயின் கறுப்பு ஓவியங்களில் பல, கரியால் வரைந்தவை. 36,000 ஆண்டுவரை வயது போகிறது. பந்தக் கறையோ அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் பிந்தியது. ஆக, ஒரு கூட்டம் வரைந்துவிட்டுப் போனபின், நெடுங்காலம் கழித்து இன்னொருவர் பந்தத்தோடு வந்து பார்த்திருக்கிறார். லாஸ்கோவில் இப்படிப்பட்ட கேள்விக்குத்தான் தரை இல்லாமல் தவிக்கிறார்கள்.

குகையின் கடைசிக் கூடத்தில் கூரையிலிருந்து கூம்பாகத் தொங்கும் ஒரு பாறை. அதில் ஒரு பெண் உடலின் கீழ்ப்பாதியும், அதோடு பின்னிய காட்டெருமைத் தலையும் வரைந்திருக்கிறது. நடைபாலத்திலிருந்து ஒரு பக்கம்தான் தெரியும். மறுபக்கம் பார்க்க நாலு எட்டு வைத்தால் போதும். யாரும் வைக்கவில்லை. ஒரு கழியின் நுனியில் கேமராவைக் கட்டி, பாலத்தில் நின்றபடியே நீட்டி, சுற்றிப் படமெடுத்துக்கொண்டார்கள்.